கையில் மூன்று ராஜா

1938 மே 1, ஞாயிறு. விழுப்புரம்

காலை ஏழுக்கே வெயில் சுட்டது. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வீடு. சட்டை இரண்டு துவைத்துப் போட்டேன், அரை மணியில் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. நேற்றைய குழம்பு, இன்றைய சோறு. தந்திக் கருவியின் சத்தம் இன்னும் காதில். யாருக்கோ பிள்ளை பிறந்தது, யாரோ புறப்பட்டார், யாரோ தவறிவிட்டார். எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயிற்று.

மூன்று மணிக்கு, கார்டுகள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் சீட்டு. ஞாயிறுதோறும் அதே நாலு பேர். கார்டு பெர்னாண்டஸ், பார்சல் ஆபீஸ் கேசவலு, இன்ஜின் ஷெட் ஃபிட்டர் ஜமால், நான். பெர்னாண்டஸ் சொல்லிக்கொடுத்த போக்கர். காசு வைத்து ஆடினால் வேலை போகும். அதனால் தீக்குச்சி, ஆளுக்கு ஐம்பது.

என் சம்சாரம் தனம் இருந்தால் அது என்ன ஆட்டம் என்று கேட்டிருப்பாள். அவளுக்குச் சொல்வதாக எழுதிப் பார்க்கிறேன். ஆளுக்கு ஐந்து சீட்டு. உட்கார ஒரு குச்சி. கை நன்றாக இருந்தால் குச்சி கட்டலாம், அடுத்தவன் அதற்குச் சமமாகக் கட்ட வேண்டும், இல்லை கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். பிறகு வேண்டாத சீட்டைப் போட்டு மாற்றுச் சீட்டு வாங்கலாம். மறுபடி கட்டு. கடைசியில் காட்டு. பெரிய கைக்கு எல்லாக் குச்சியும்.

இன்று எடுத்தவுடன் என் கையில் மூன்று ராஜா. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. என் பழக்கம் அது. நல்ல கை வந்தால் செத்த கை மாதிரி உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் தைரியமாகக் கட்டிக்கொண்டே வரட்டும், கடைசியில் அள்ளிக்கொள்ளலாம். நான் சும்மா இருந்ததால் ஒருவரும் பெரிதாகக் கட்டவில்லை. எல்லாரும் மாற்றுச் சீட்டு வாங்கினார்கள். கேசவலு ஒரே ஒரு சீட்டு வாங்கினான். அப்புறம் பத்துக் குச்சியைத் தள்ளினான். நானும் போட்டேன். காட்டினால் ஐந்தும் ஆட்டின். மூன்று ராஜாவுக்கு மேல் அது.

பெர்னாண்டஸ் என் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“என்னா மேன் நீ. மூணு ராஜா வச்சிக்கினு தூங்கினே. முதல்லயே ஆறு குச்சி கட்டியிருந்தா கேசவலு அந்த ஒரு சீட்டை வாங்க நின்னிருப்பானா?”

“நின்னிருக்க மாட்டேன் சார். எங்கிட்ட அப்போ ஒண்ணுமே இல்லையே” என்றான் கேசவலு.

“கேட்டியா? அவன் ஜெயிக்கல. நீயா சும்மா குடுத்தே.”

வீடு. பூட்டு. திறந்தால் காலையில் வைத்த செம்பு அதே இடத்தில்.

மே 4, புதன். திண்டிவனம் போய் வந்தேன்

வார ஓய்வு. மாதத்தின் முதல் புதன், தி.வனம் பயணம். இது நாலாம் வருஷம்.

வாங்கியவை: பேரிச்சம்பழம், சிலேட்டுக் குச்சி ஒரு கட்டு, ரிப்பன் (பச்சை. போன மாதமும் பச்சைதான் வாங்கினேன் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது).

சரசு வாசலில் நின்றிருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. உள்ளே திரும்பி, “அம்மா, விழுப்புரத்து அப்பா வந்துட்டாங்க” என்று சொன்னாள். அம்மா என்பது ருக்மணி, தனத்தின் தங்கை. அப்பா என்பது ருக்மணியின் புருஷன் வேலாயுதம், தபால் ஆபீஸ் குமாஸ்தா. நான் விழுப்புரத்து அப்பா. தனம் தவறிப்போனபோது சரசுவுக்கு மூன்று வயது. ருக்மணிக்குப் பிள்ளை இல்லை, தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு.

காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது வேலாயுதம் சொன்னார்.

“அண்ணே, மாயவரத்துக்கு மாத்திட்டாங்க. இருபத்திரெண்டாம் தேதி கெளம்பறோம். ஒங்க ஸ்டேஷன் வழியாத்தான் வண்டி.”

“நல்லது” என்றேன்.

சரசுவைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. ருக்மணி அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி வண்டியில் திரும்பிவிட்டேன்.

மே 5

கத்திரி வெயில். தூக்கம் இல்லை.

சரசுவை ஏன் திரும்பக் கேட்கவில்லை. முதல் வருஷம், குவார்ட்டர்ஸ் கிடைக்கட்டும் என்று. கிடைத்தது. இரண்டாம் வருஷம், ஷிப்ட் மாறட்டும் என்று. மாறியது. அப்புறம் காரணமே இல்லை. நான் பெற்ற பெண், யாரால் என்ன செய்ய முடியும், எப்போது கேட்டாலும் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்ற நினைப்பு. அந்த நினைப்பிலேயே நிம்மதியாக இருந்துவிட்டேன்.

மாயவரம் போக இங்கிருந்து பாதி நாள். வர பாதி நாள்.

மே 8, ஞாயிறு

இன்று வேண்டுமென்றே மாற்றி ஆடிப் பார்த்தேன். மூன்று ஒன்பது, இரண்டு ஜாக்கி. ஃபுல் ஹவுஸ் என்று பெயர். லேசில் உடையாத கை. எடுத்த எடுப்பில் பன்னிரண்டு குச்சியை நடுவில் வைத்தேன். மூன்று பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கேசவலு கவிழ்த்தான். ஜமால் கவிழ்த்தார். பெர்னாண்டஸ் சிரித்துக்கொண்டே கவிழ்த்தார். கிடைத்தது மூன்றே குச்சி. என் சீட்டைத் திருப்பிக் காட்டினேன்.

கேசவலுவுக்குப் பொறுக்கவில்லை. “அவ்ளோ பெரிய கையை வச்சிக்கினு யாராவது இப்படிக் கத்துவாங்களா சார்? போன வாரம் கத்தாம கெட்டீங்க, இந்த வாரம் கத்திக் கெட்டீங்க. உங்களோட பேஜாரு.”

பெர்னாண்டஸ் பீடியை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். எதிரே இருப்பவன் தானாகக் கட்டுகிறவனாக இருந்து, நம் கையும் உடையாத கையாக இருந்தால் சும்மா இருக்கலாம். ஒரே ஒரு சீட்டு வந்தால் அவன் நம்மைத் தாண்டிவிடுவான் என்றால் சும்மா இருக்கவே கூடாது. “அவன் வாங்குற ஒவ்வொரு சீட்டுக்கும் வெலை வைக்கணும் மேன். கொஞ்சமா ஜெயிச்சாலும் ஜெயிச்சதுதான்.”

“கை உடையுமா உடையாதான்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“அதான் தெரியாதே. எல்லாருக்கும் அவன் கை உடையாத கைன்னுதான் நெனப்பு.”

ஜமால் நாலு மாதத்தில் இன்றுதான் ஆட்டத்தின் நடுவே வாய் திறந்தார். “ஜல்தி சீட்டைப் போடுங்க, வண்டி வருது” என்றார்.

மே 9

ரூல் போட்ட தாளில் எழுதிப் பார்த்தேன். நாலு வருஷத்தில் நான் சும்மா விட்டவை. முழு வாக்கியம் பேசியது. அரிச்சுவடி. அம்மை போட்டது, எட்டு நாள் வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தது ருக்மணி. பல். ‘அம்மா’ என்ற சொல் கை மாறிய நாள், அது எந்த நாள் என்று எனக்குத் தெரியக்கூடத் தெரியாது.

தாளைக் கிழித்துவிட்டேன். புதன்கிழமை மறுபடி போகிறேன். கேட்டுவிடுகிறேன்.

மே 11, புதன்

காலைப் பாசஞ்சர். ஜன்னல் கம்பி சுட்டது. சொல்ல வேண்டியதைத் தந்தி மாதிரி சுருக்கி வைத்திருந்தேன். சரசுவை நான் அழைத்துப்போகிறேன். மூன்றே சொல்.

வேலாயுதம் ஆபீசில். சரசு பக்கத்து வீட்டில். ருக்மணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் காப்பி வந்துவிடும், அப்புறம் சொல்ல மாட்டேன்.

முறம் நின்றது. சண்டை வரும், அழுகை வரும் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

“சரிங்க மாமா” என்றாள்.

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்த் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். திறந்து காட்டினாள். பாவாடை நாலு, சட்டை ஐந்து, எல்லாம் துவைத்து மடித்து.

“எப்போ அடுக்கினே?”

“நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் அடுக்கி வைப்பேன். நாலு வருஷமா. இன்னிக்குக் கேப்பாங்களோ, இன்னிக்குக் கேப்பாங்களோன்னு. காப்பி குடிச்சிட்டுப் போயிடுவீங்க. திரும்ப எடுத்து அலமாரியில வைப்பேன். போன வாரம் நீங்க போனப்புறம் எடுத்து வைக்கல.”

“அப்பவே கேட்டிருந்தா குடுத்திருப்பியா?”

“அப்போ மூணு வயசு. அழுதுக்கினே குடுத்திருப்பேன், புள்ளையும் ரெண்டு நாள் அழுதுட்டு உங்களோட ஒட்டிக்கினு இருந்திருக்கும். இப்போ குடுக்கறதுதான் முடியல. ஆனா உங்க பொண்ணு. நான் என்னா சொல்றது?”

சரசுவைக் கூப்பிட்டு, “விழுப்புரத்து அப்பா வீட்டுல போய் இருந்துட்டு வர்றியா கண்ணு” என்றாள். இருந்துட்டு வர்றியா. அந்தச் சொல்லை நான் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை.

ருக்மணி ஸ்டேஷனுக்கு வரவில்லை.

மே 12

பிள்ளை தூங்குகிற வீட்டில் பாத்திரம் தேய்ப்பது எவ்வளவு கஷ்டம். ஒரு கரண்டி விழுந்தது. எழவில்லை.

நான் ஷிப்ட் போகும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் பார்த்துக்கொள்கிறாள், பாயின்ட்ஸ்மேன் சம்சாரம். கேப்பைக் கூழும் வேகவைத்த மல்லாட்டைக் கடலையும் கொடுத்தாளாம். நன்றாகச் சாப்பிட்டதாம்.

மே 14

சரசு எல்லாவற்றுக்கும் கேட்கிறாள். தண்ணி குடிக்கட்டுமா. இந்தப் பாயில உக்காரட்டுமா. கதவைத் தொறக்கட்டுமா. நேற்று, “தூங்கட்டுமா?” முதலில் நல்ல பிள்ளை என்று சந்தோஷப்பட்டேன். இன்று தந்தி அடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று உறைத்தது. தன் வீட்டில் எந்தப் பிள்ளையும் இப்படிக் கேட்பதில்லை. அதற்கப்புறம் இரண்டு தந்தியைத் தப்பாக அடித்துத் திரும்ப அடித்தேன்.

குப்பம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் யாரிடமோ: “அழுவே மாட்டேங்குது. அதான் எனக்குப் பயமா இருக்குது.”

மே 15, ஞாயிறு

சீட்டுக்குப் போகவில்லை. மூன்றரைக்குக் கதவைத் தட்டிக்கொண்டு மூன்று பேரும் வந்துவிட்டார்கள். உடம்பு சரியில்லையோ என்று பார்க்க வந்தார்களாம். சரசு என் பின்னால் நின்றாள்.

“யார் மேன் இது?”

“என் பொண்ணு.”

பெர்னாண்டஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார். “மூணு வருஷமா எம் பக்கத்துல உக்காந்து ஆடறே. பொண்ணு இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல நீ.”

கேசவலு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். தனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும் என்றுதான் சொல்லவில்லை. ஆனால் அதை எப்படிச் சொல்வது.

பாயிலேயே உட்கார்ந்து ஆடினோம். சரசுவுக்கும் சீட்டுப் போட்டார் பெர்னாண்டஸ், இருபது குச்சி கொடுத்தார். இரண்டாவது ஆட்டத்திலேயே அவள் தன் சீட்டு எல்லாவற்றையும் எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்து, “இங்க பாருங்க, மூணு ராணி வந்திருக்குது” என்றாள். ஜமால் விழுந்து விழுந்து சிரித்தார். காட்டக் கூடாது பாப்பா என்றான் கேசவலு. “ஏன், நல்லாத்தானே இருக்குது” என்றாள். நாங்கள் எல்லாரும் கவிழ்த்தோம். குச்சியை எண்ணாமல் மடியில் அள்ளிக்கொண்டாள். பல் விழுந்த இடம் தெரியச் சிரித்தாள். இங்கே வந்து முதல் தடவை.

அவர்கள் போனபின் குச்சிகளை வரிசையாக அடுக்கினாள். “இதையெல்லாம் அம்மாகிட்ட எடுத்துக்கினு போகட்டுமா?”

எடுத்துக்கோ என்றேன்.

மே 18, புதன்

ஓய்வு நாள். திருவக்கரைக் கோவிலுக்கு அழைத்துப் போகலாம் என்று எண்ணம். வெயிலுக்குப் பயந்து போகவில்லை. வீட்டிலேயே.

மத்தியானம் கேட்டாள். “அம்மா எப்போ வந்து கூப்பிட்டுக்கினு போவாங்க?”

இனி தள்ள முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நான்தான் உன்னைப் பெற்ற அப்பா. உன்னைப் பெற்ற அம்மா பெயர் தனம். நீ இனிமேல் இங்கேதான். அவர்கள் மாயவரம் போகிறார்கள்.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், “சரிங்க” என்றாள். ருக்மணி சொன்ன அதே மாதிரி.

கொஞ்ச நேரம் பாயின் ஓரத்தைப் பிய்த்தாள். பிறகு, “நான் கொஞ்சம் அழட்டுமா?”

அதற்கு மேல் இன்று எழுத முடியாது.

மே 20

கத்திரிக்காய், அரைப் படி அரிசி, விளக்கெண்ணெய். சரசு சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பேசினால் பதில் சொல்கிறாள். கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது.

குப்பம்மாள்: “இன்னொரு கல்யாணம் பண்ணிக்கினாவது புள்ளைய வளத்துடுங்க சார்.”

மே 22, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினொன்றரை வண்டி. இன்றைய ஷிப்டை வேறொருவருக்கு மாற்றிவிட்டிருந்தேன். ருக்மணி ஜன்னலுக்கு வருவாள், ஒரு பார்வை பார்க்கட்டும் என்று சரசுவைக் கூட்டிப் போனேன். புறப்படும்போது தகரப் பெட்டியையும் கையில் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரியாது.

வண்டியின் கார்டு பெர்னாண்டஸ். கேசவலு பிரேக் வேனில் மாங்காய்க் கூடை ஏற்றிக்கொண்டிருந்தான். மூன்றாம் வகுப்பில் வேலாயுதம் கையாட்டினார். ருக்மணி ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தாள், ஆனால் முகம் அந்தப் பக்கம். சரசு “அம்மா” என்றாள். திரும்பவில்லை. தோள் மட்டும் ஆடியது. அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும், பிள்ளை என் கையை உதறிவிட்டு ஏறியிருக்கும். அது அவளுக்கும் தெரியும். எனக்காகத்தான் திரும்பாமல் இருந்தாள்.

சரசு என்னை அண்ணாந்து பார்த்தாள். ஏறட்டுமா என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

“ருக்மணி, இந்தப் பக்கம் பாரு” என்றேன். பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.

பார்த்தாள்.

“சரசு உன்கூட வரட்டும். ஆனா நான் விட்டுட்டேன்னு நெனச்சிக்காதே. எனக்கு இவ வேணும். மாசா மாசம் வருவேன், காப்பி குடிச்சிட்டு ஓட மாட்டேன், தங்குவேன். கோடை லீவு முழுக்க இவ என் வீட்டுல. தனத்தைப் பத்தி இவளுக்குச் சொல்லு, நானும் சொல்றேன். என்னை ஒறமொறயா வந்தவன் மாதிரி வாசல்ல நிக்க வெக்காதே.”

நாலு வருஷத்தில் நான் இவ்வளவு சேர்த்துப் பேசியதில்லை.

“நான் எப்போ மாமா உங்களை வாசல்ல நிக்க வெச்சேன்” என்றாள் ருக்மணி. “நீங்களாத்தான் நின்னீங்க.”

வேலாயுதம் இறங்கி ஓடி வந்து தகரப் பெட்டியை வாங்கிக்கொண்டார். சிக்னல் விழுந்துவிட்டது. பெர்னாண்டஸ் பச்சைக் கொடியை அக்குளில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஊதவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் என்ன தாமதம் என்று கேட்டார். கேசவலு வேனுக்குள்ளிருந்து, “இன்னும் ரெண்டு கூடை பாக்கி இருக்குது சார்” என்று குரல் கொடுத்தான். பிளாட்பாரத்தில் ஒரு கூடையும் இல்லை. எல்லாம் ஏற்றியாகிவிட்டது.

சரசுவைத் தூக்கி உள்ளே விட்டேன். இவ்வளவு கனமா. போன தடவை தூக்கியது எப்போது.

ருக்மணி அவளை மடியில் இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தபோது சரசு அந்தக் கைகளுக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினாள்.

“விழுப்புரத்து அப்பா, நீங்க எப்போ வருவீங்க?”

“அடுத்த மாசம்.”

“தேதி சொல்லுங்க.”

“ஒண்ணாந்தேதி. புதன்கிழமை.”

வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்தேன். கடைசிப் பெட்டி போகும்போது பெர்னாண்டஸ் கையை உயர்த்தினார்.

கேசவலு டீ வாங்கிக் கொடுத்தான். “சரியா பண்ணீங்களா தப்பா பண்ணீங்களான்னு எனக்குத் தெரியல சார்” என்றான். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

மாலை

மல்லாட்டைத் தோல் மூலையில் ஒரு கொட்டாங்கச்சி நிறைய. பெருக்கவில்லை.

மே 25, புதன்

ஓய்வு. எங்கே போவதென்று தெரியாமல் ஸ்டேஷனுக்கே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். தி.வனம் பாசஞ்சர் வந்தது, போயிற்று. அந்த ஊரில் இனி எனக்கு யாரும் இல்லை. லேசாகத் தூறல், மண் நனையவில்லை.

மே 27, வெள்ளி

வேலாயுதத்தின் தபால் கார்டு. நல்லபடியாகச் சேர்ந்தோம், வீடு தபால் ஆபீசுக்குப் பின் தெரு, கிணறு உண்டு. அடியில் பென்சிலால் கோணல் எழுத்தில் ‘ஒண்ணாந்தேதி’ என்று மட்டும். இரண்டு சுழி ன-வை மூன்று சுழி ண-வாகத் திருத்தியிருக்கிறாள்.

முதல் தேதி வார ஓய்வு, தங்குவதற்காக இரண்டாம் தேதிக்கு லீவு விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் எப்போதும் ‘சொந்த வேலை’ என்று எழுதுவேன், இன்று ‘மகளைப் பார்க்க’ என்று எழுதினேன். மாஸ்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். எத்தனை வயசு என்றார்.

ஏழு என்றேன். கார்த்திகை வந்தால் எட்டு.